டெல்லிப் பணம் யார் பணம்?

பள்ளிக்கூடத்தில் பகல் மணி அடிக்கிறது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்காருகிறார்கள். சூடான சாதம் வருகிறது. அதன்மேல் ஒரு முட்டை வருகிறது.

அந்தத் தட்டில் இருப்பது யார் பணம்?

அரிசியைக் கொடுப்பது மத்திய சர்க்கார். 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அது இலவசமாகவே அரிசி தருகிறது. பருப்பு, எண்ணெய், காய்கறி, விறகு அல்லது காஸ் ஆகியவற்றின் செலவை இரண்டு சர்க்கார்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 100 ரூபாய் செலவானால், மத்திய சர்க்கார் 60 ரூபாய், மாநில சர்க்கார் 40 ரூபாய் என்பது விதி. முட்டையை வாங்கிப் போடுவது தமிழ்நாடு சர்க்கார். சமையல் செய்பவர்களின் சம்பளத்திலும் பெரும் பங்கு அதனுடையதே. 9, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுச் செலவும் மாநிலத்தைச் சேர்ந்தது.

ஆக, ஒரே தட்டு. அதில் இரண்டு சர்க்கார்களின் பணம்.

சாப்பிடுகிற குழந்தைக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், குழந்தையின் தாய் தந்தையர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், "நாங்கள் கொடுத்தோம்" என்று டெல்லி சொல்கிறது. "நாங்கள் கொடுத்தோம்" என்று சென்னையும் சொல்கிறது. உண்மையில் கொடுத்தவர் யார்? அதை அறிய, பணம் வருகிற வழியைப் பார்க்கவேண்டும்.

வசூல் ஒரு கை. செலவு வேறு கை

கோயமுத்தூரில் ஒரு மில் நிர்வாகி வருமான வரி கட்டுகிறார். அந்தப் பணம் டெல்லிக்குப் போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சரக்கு இறங்குகிறது. அதற்குரிய சுங்க வரியும் டெல்லிக்குப் போகிறது. பெரிய கம்பெனிகள் லாபத்தின்மீது கட்டும் வரியும் அப்படியே.

மாநில சர்க்காருக்கு என்ன வருகிறது? வீடு, நிலம் வாங்கினால் பத்திரப் பதிவுக் கட்டணம் வருகிறது. மோட்டார் வாகன வரி வருகிறது. மதுவின்மீது வரி வருகிறது. பெட்ரோல், டீசல் விற்பனை வரி வருகிறது.

2017 ஜூலை 1-ந் தேதி முதல் "ஜி.எஸ்.டி." என்ற வரி நடைமுறைக்கு வந்தது. இதை இரண்டு சர்க்கார்களும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு சிறு உதாரணம்: குளியல் சோப்புக்கு இந்த வரி 18 சதவிகிதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவிகிதமாகக் குறைந்தது. 100 ரூபாய்க்கு சோப்பு வாங்கினால் வரி 5 ரூபாய். அதில் இரண்டரை ரூபாய் மாநிலத்துக்கு. இரண்டரை ரூபாய் மத்திய சர்க்காருக்கு.

இனி செலவைப் பாருங்கள். போலீஸ் யார் பொறுப்பு? மாநிலத்தின் பொறுப்பு. ஆஸ்பத்திரி? மாநிலம். குடிதண்ணீர்? மாநிலம். விவசாயம்? மாநிலம். பள்ளிக்கூடத்தை நடத்துவதும் பெரும்பாலும் மாநிலமே. ராணுவம், ரயில், வெளிநாட்டு உறவு போன்றவை மத்திய சர்க்காரின் வேலை.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் வேலைகளை இப்படித்தான் பிரித்துக் கொடுத்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக வளரக்கூடிய வரிகள் மத்திய சர்க்காரிடம் இருக்கின்றன. தினமும் ஜனங்கள் வாசற்படியில் வந்து நிற்கும் செலவுகள் மாநில சர்க்காரிடம் இருக்கின்றன.

கூட்டுக் குடும்பத்தில் மூத்த அண்ணன் சம்பளம் முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்கிறான். தம்பிகள் வீட்டுச் செலவைப் பார்க்கிறார்கள். மாதம் பிறந்ததும் அண்ணன் பணத்தை எடுத்துக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அதைப் போன்றதே இந்த ஏற்பாடும்.

பாகம் பிரிக்கும் பெரியவர்கள்

அண்ணன் இஷ்டப்பட்டால் கொடுப்பான், இல்லாவிட்டால் மறுப்பான் என்று விட்டுவிடலாமா? கூடாது. இதை அரசியல் சட்டம் இயற்றிய பெரியவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே, 280-வது ஷரத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதுதான் நிதிக் கமிஷன்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜனாதிபதி இந்தக் கமிஷனை நியமிக்கிறார். டெல்லி வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு, அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று கமிஷன் சொல்லவேண்டும். முதல் கமிஷன் 1951-ல் கே. சி. நியோகி தலைமையில் அமைந்தது.

இந்த வேலையில் தமிழர்களும் இருந்திருக்கிறார்கள். 2-வது கமிஷனின் தலைவர் கே. சந்தானம். 12-வது கமிஷனின் தலைவர் சி. ரங்கராஜன். 4-வது கமிஷனுக்கு, சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னார் தலைமை வகித்தார். பிறகு 1969-ல், மத்திய–மாநில உறவுகளை ஆராய முதல் மந்திரி மு. கருணாநிதி ஒரு குழுவை நியமித்தபோது, அதற்கும் ராஜமன்னாரே தலைவரானார். டெல்லியின் பெட்டியையும் மாநிலத்தின் பெட்டியையும் திறந்து பார்த்தவர் அவர். மாநிலங்களின் வருமானம் கூடவேண்டும் என்றே 1971-ல் அவருடைய குழு சொன்னது.

13-வது கமிஷன் 100 ரூபாயில் 32 ரூபாயை மாநிலங்களுக்குக் கொடுக்கச் சொன்னது. ஒய். வி. ரெட்டி தலைமை வகித்த 14-வது கமிஷன் அதை 42 ரூபாயாக உயர்த்தியது. என். கே. சிங் தலைமை வகித்த 15-வது கமிஷன் 41 ரூபாய் என்றது. 2026 ஏப்ரல் முதல் 2031 மார்ச் வரை உள்ள காலத்துக்கான 16-வது கமிஷனும் 41 ரூபாய் என்பதையே வைத்துக்கொண்டது.

சோப்புக் கணக்குக்குத் திரும்புவோம். டெல்லிக்குப் போன இரண்டரை ரூபாயில், இந்த விதிப்படி ஏறக்குறைய ஒரு ரூபாய் மாநிலங்களின் பொதுப் பங்குக்குத் திரும்பி வருகிறது.

ஒரு ரூபாயில் எத்தனை பைசா?

தமிழ்நாட்டின் பட்ஜெட்டில் டெல்லிப் பணம் எவ்வளவு? 2024–25-ம் ஆண்டு பட்ஜெட் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு வருவாய் இனத்தில் எதிர்பார்த்த வரவு ரூ.2,99,010 கோடி.

அதில் மாநிலத்தின் சொந்த வரிகள் ரூ.1,95,173 கோடி. கட்டணம், வாடகை போன்ற வரி அல்லாத வருமானம் ரூ.30,728 கோடி. மத்திய வரிகளில் கிடைக்கும் பங்கு ரூ.49,755 கோடி. மத்திய மானியம் ரூ.23,354 கோடி.

கோடிக்கணக்கு மனத்தில் நிற்காது. ஒரு ரூபாயாகச் சுருக்கிப் பார்த்தால் விளங்கும். வரவு ஒரு ரூபாய் என்றால், 65 பைசா சொந்த வரி. 10 பைசா கட்டணம் முதலியவை. 17 பைசா டெல்லி வரியில் பங்கு. மீதி 8 பைசா மானியம்.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. பீகாரில் கணக்கு தலைகீழ். அங்கே ஒரு ரூபாய் வரவில் ஏறக்குறைய முக்கால் ரூபாய் டெல்லியிலிருந்து வருகிறது. அங்கே தொழிற்சாலைகள் குறைவு, வியாபாரம் குறைவு, ஆகவே சொந்த வரியும் குறைவு. டெல்லிப் பணம் ஒரு மாதம் நின்றால், அங்கே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதே கஷ்டமாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு 8 பைசாதானே, போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? அப்படி நினைப்பது தவறு. மாநிலத்தின் வரவில் பெரும்பகுதி மாதா மாதம் சம்பளம், பென்ஷன், கடனுக்கு வட்டி என்று போய்விடுகிறது. புதிதாக ஒரு வகுப்பறை கட்ட, ஒரு கிராமத்துக்கு ரோடு போட, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்சை நியமிக்க மிஞ்சுகிற பணம் கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தில் 8 பைசா பெரிய தொகை.

மானியம் மூன்று விதம்

டெல்லியிலிருந்து வரும் பணம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

முதலாவது, வரியில் பங்கு. இதை எப்படிச் செலவு செய்வது என்பது மாநிலத்தின் இஷ்டம். ரோடு போடலாம், மருந்து வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம்.

இரண்டாவது, நிதிக் கமிஷன் சொல்லும் மானியம். வரவுக்கும் செலவுக்கும் இடையில் துண்டு விழும் மாநிலத்துக்கு, அந்தத் துண்டை அடைக்க 275-வது ஷரத்தின்படி மானியம் தரலாம். 2020–21, 2021–22 ஆண்டுகளில் தமிழ்நாடும் இத்தகைய மானியம் பெற்றது. பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் கமிஷன் சொல்லும் மானியம் வேறு உண்டு. புயல், வெள்ள நிவாரணத்துக்கான மாநில நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 100-க்கு 75 ரூபாய் டெல்லி கொடுக்கிறது.

மூன்றாவது, திட்ட மானியம். இது 282-வது ஷரத்தைக் கொண்டு கொடுப்பது. எந்தப் பொதுக் காரியத்துக்கும் பணம் கொடுக்கலாம் என்கிறது அந்த ஷரத்து. பகல் உணவு, தேசிய சுகாதாரத் திட்டம், பள்ளிக் கல்வித் திட்டம், கிராம ரோடுத் திட்டம் எல்லாம் இந்த வகையில் சேரும். இங்கேதான் 60-க்கு 40 என்ற விதி வருகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90-க்கு 10.

முதல் வகைப் பணத்தில் கேள்வி இல்லை. மூன்றாவது வகைப் பணத்தில் கேள்விகள் அதிகம். டெல்லி சொல்லுகிற காரியத்துக்கு, டெல்லி சொல்லுகிற முறையில், மாநிலமும் தன் பங்கைப் போட்டுத்தான் செலவு செய்யவேண்டும். மாநிலத்தால் 40 ரூபாய் போட முடியாவிட்டால், வரவேண்டிய 60 ரூபாயும் வராது. ஏழை மாநிலத்துக்கு இது பெரிய கஷ்டம்.

நல்ல மானியம் செய்த காரியம்

டெல்லி தலையிடுவதே தவறு என்று சொல்லலாமா? அதுவும் சரியல்ல.

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ, எத்தனை ஆயிரம் குழந்தைகளின் கால்களை முடக்கிப் போட்டது! தமிழ்நாடு மட்டும் சொட்டு மருந்து கொடுத்து, உத்தரப் பிரதேசமும் பீகாரும் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்? ரயிலில் வருகிற கிருமி டிக்கெட் வாங்குவதில்லை. மாநில எல்லையில் நிற்பதும் இல்லை.

ஆகவே, நாடு முழுவதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக் கொடுத்தது மத்திய சர்க்கார். அதை வீடு வீடாகவும் பஸ் நிலையங்களிலும் குழந்தைகளின் வாயில் விட்டவர்கள் மாநிலங்களின் ஊழியர்களும் தொண்டர்களும். இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்ட ஒரு குழந்தை. 2014 மார்ச்சில், போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. டெல்லிப் பணமும் மாநிலத்தின் கைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பாடம் மேலேயிருந்து கீழே மட்டும் வருவதில்லை. கீழேயிருந்து மேலேயும் போகிறது. 1956-ல் முதல் மந்திரி காமராஜ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போடும் திட்டத்தைச் சென்னை ராஜ்யத்தில் தொடங்கினார். ஊர் ஜனங்களும் அரிசியும் பணமும் கொடுத்தார்கள். 1982-ல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். "இது கட்டுப்படியாகுமா?" என்று கேட்டவர்கள் பலர். பிறகு நடந்தது என்ன? 1995 ஆகஸ்டு 15-ந் தேதி மத்திய சர்க்காரே பகல் உணவுக்குத் தேசியத் திட்டம் தொடங்கியது. சமைத்த உணவே தரவேண்டும் என்று 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது.

மாநிலத்தின் கையில் தன் இஷ்டப்படி செலவு செய்யக் கொஞ்சம் பணம் இருந்ததால் அல்லவா இந்த யோசனை பிறந்தது? எல்லாப் பணமும் டெல்லியின் திட்டத்துக்கே என்று கட்டிப் போட்டிருந்தால், பகல் உணவு பிறந்தே இருக்காது. 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் மாநிலத்தின் சொந்தப் பணத்தில் தொடங்கியதே.

பங்கு ஏன் குறைந்தது?

தமிழ்நாட்டுக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் நியாயமும் உண்டு.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 100 பேரில் 6 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். மாநிலங்களுக்கு டெல்லி பிரித்துக் கொடுக்கும் 100 ரூபாயில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது எவ்வளவு? 12-வது கமிஷன் காலத்தில் 5 ரூபாய் 30 பைசா. 14-வது கமிஷன் காலத்தில் 4 ரூபாய் 2 பைசா. 15-வது கமிஷன் காலத்தில் 4 ரூபாய் 8 பைசா. 16-வது கமிஷனிலும் அது ஏறக்குறைய 4 ரூபாய் 10 பைசா என்ற அளவில்தான் நிற்கிறது. 15-வது கமிஷனின் கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்குக் கிடைத்தது 17 ரூபாய் 94 பைசா. பீகாருக்கு 10 ரூபாய் 6 பைசா.

ஏன் இப்படி? கமிஷன் மாநிலங்களுக்கு மார்க் போடுகிறது. 15-வது கமிஷனில் 100-க்கு 45 மார்க் ஏழ்மைக்கு. அதாவது, பணக்கார மாநிலத்தைவிடத் தனிநபர் வருமானம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவு அதிக மார்க். ஜனத்தொகைக்கு 15. பரப்பளவுக்கு 15. காடுகளுக்கு 10. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12½. வரி வசூலில் காட்டும் முயற்சிக்கு 2½.

ஏழை மாநிலத்துக்கு அதிகம் கொடுக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. வீட்டில் நோஞ்சான் பிள்ளைக்குப் பால் அதிகமாக ஊற்றுவது தாயின் இயல்பு. பீகாரில் பிறக்கும் குழந்தையும் இந்தியக் குழந்தைதான். அதற்குப் பள்ளிக்கூடமும் தடுப்பூசியும் வேண்டாமா?

ஆனால், நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, உனக்குப் புத்தகம் எதற்கு?" என்று சொல்லக்கூடாது. குடும்பக் கட்டுப்பாடு தேசத்தின் கொள்கை. அதைக் கேட்டு நடந்த மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். நெடுங்காலம் 1971 ஜனத்தொகைக் கணக்கையே கமிஷன்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டன. கேட்டு நடந்தவர்கள் நஷ்டப்படக்கூடாது என்பதே காரணம். 15-வது கமிஷன் 2011 கணக்கை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடு செய்யத்தான் 12½ மார்க் வைத்தது. அது போதுமா என்பது நியாயமான கேள்வி.

பங்கில் சேராத வரி

இன்னொரு குறை, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது.

41 ரூபாய் பங்கு என்பது வசூலாகும் முழு 100 ரூபாய்க்கும் அல்ல. "செஸ்" என்றும் "சர்சார்ஜ்" என்றும் வாங்கும் மேல்வரிகள் பங்குக் கணக்கில் சேரா. அரசியல் சட்டமே அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. பெட்ரோலுக்கு டெல்லி வாங்கும் வரியில் மிகப் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது.

அவசரக் காரியத்துக்கு மேல்வரி வாங்கலாம். ஆனால், அவசரத்துக்கு வந்த விருந்தாளி வருஷக் கணக்கில் திண்ணையில் தங்கிவிட்டால், வீட்டுக்காரர் எங்கே போவது? ஒரு பக்கம் பங்கை 42 ஆக, 41 ஆக வைத்துவிட்டு, மறுபக்கம் பங்கில் சேராத வரியைக் கூட்டினால், கொடுத்த கையே திரும்ப எடுத்ததாக ஆகிவிடும். மாநிலங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறையீடு இது. கட்சி வித்தியாசம் இல்லாமல் சொல்லிவரும் முறையீடு.

நிபந்தனையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு

பணம் கொடுப்பவர் நிபந்தனை போடுவது உலக வழக்கம். எல்லா நிபந்தனையும் கெட்டதல்ல.

பஞ்சாயத்து மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15-வது கமிஷன், கிராமங்களுக்குப் போகும் பணத்தில் 100-க்கு 60 ரூபாயைச் சுகாதாரத்துக்கும் குடிதண்ணீருக்குமே செலவு செய்யவேண்டும் என்றது. நல்ல யோசனை. தேர்தல் நடந்து, ஜனங்களின் பிரதிநிதிகள் இருக்கும் பஞ்சாயத்துக்கே பணம் என்பதும் ஒரு நிபந்தனை. தமிழ்நாட்டில் 2016-ல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. பெரும்பாலான கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை ஆயிற்று. அந்தக் காலத்தில் மானியமும் தடைப்பட்டது. நஷ்டம் யாருக்கு? தெருவிளக்கும் சாக்கடையும் இல்லாத ஜனங்களுக்கு. இதில் டெல்லியைக் குறை சொல்வதற்கில்லை, தவறு மாநிலத்தில்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பள்ளிக் கல்விக்கு "சமக்ர சிக்ஷா" என்ற மத்திய திட்டம் இருக்கிறது. 2024–25-ல் தமிழ்நாட்டுக்கு அந்தப் பணம் வரவில்லை. புதிய தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த வேறொரு திட்டத்துக்கு மாநிலம் கையெழுத்துப் போடாதது காரணம். நின்ற தொகை ரூ.2,152 கோடி என்று மாநில சர்க்கார் சொன்னது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் போட்டது.

மூன்று மொழியா, இரண்டு மொழியா என்ற விவாதம் தனி. அதில் இரு தரப்புக்கும் வாதங்கள் உண்டு. ஆனால், ஒரு திட்டத்தின் தகராறுக்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது முறையா? அந்தப் பணத்தில் வாத்தியார் சம்பளம் இருக்கிறது. உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான உதவி இருக்கிறது. தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்ற ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் இருக்கிறது. பெரியவர்கள் சண்டையில் சிறியவர்களின் சிலேட்டைப் பிடுங்கக்கூடாது.

நாள் தவறினால் நஷ்டம்

வரவேண்டிய பணம் வந்தால் மட்டும் போதாது. வரவேண்டிய நாளில் வரவேண்டும்.

சென்னை மெட்ரோ ரயிலின் 2-ம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு ரூ.63,246 கோடி. மத்திய மந்திரி சபை இதற்கு அங்கீகாரம் கொடுத்த நாள் 2024 அக்டோபர் 3. இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டும் பாரம் மாநில பட்ஜெட்டின் தலையில். மெட்ரோவுக்குப் போன பணம் வேறு காரியங்களுக்கு இல்லாமல் போனது.

கிராமத்தில் 100 நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால், நாள் தவறுவதன் கஷ்டம் நன்றாகப் புரியும். 2005-ல் வந்த சட்டம், கூலியை 15 நாளில் கொடுக்கவேண்டும் என்றது. அந்தச் சட்டப்படி கூலி முழுவதும் டெல்லியின் பொறுப்பாக இருந்தது. ஆனால், 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பல வாரக் கூலி பாக்கி நின்றது. கூலி நின்றால் கடையில் கடன். கடன் நின்றால் அடுப்பில் பூனை.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் இதற்குப் பதிலாக ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாள் ஆகும் என்கிறது அது. ஆனால், செலவைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 60-க்கு 40 என்று பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். நாள் கூடுவது நல்ல செய்தி. அந்த 40 ரூபாயை மாநிலங்கள் எங்கிருந்து எடுக்கும் என்பதுதான் கேள்வி. விடை கிடைக்காவிட்டால், காகிதத்தில் 125 நாளும், கையில் அதைவிடக் குறைவும் ஆகிவிடும்.

அளவு, நாள், கணக்கு

இனி என்ன செய்யவேண்டும்? மூன்றே காரியங்கள்.

ஒன்று, அளவு. மாநிலத்துக்கு எவ்வளவு என்பது யார் ஆட்சி, எந்தக் கட்சி என்று பார்த்து மாறக்கூடாது. கமிஷன் சொன்ன கணக்கில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கவேண்டும். மேல்வரிக்கு ஓர் எல்லை கட்டவேண்டும். நன்றாக நடந்துகொண்ட மாநிலத்துக்குத் தண்டனை இல்லை என்ற நம்பிக்கை வேண்டும்.

இரண்டு, நாள். தவணை இந்தத் தேதியில் வரும் என்று தெரிந்தால்தான் மாநிலம் திட்டம் போடமுடியும். வருஷக் கடைசியில் மார்ச் மாதத்தில் வந்து விழும் பணம், விதைக்கும் பருவம் போன பிறகு பெய்யும் மழை போன்றது. அவசரத்தில் செலவாகும், பயன் இராது.

மூன்று, கணக்கு. இது மாநிலத்தின் கடமை. முன் தவணையைச் செலவு செய்து கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும். கணக்குக் காட்டாமல் தூங்கிவிட்டு, "டெல்லி கொடுக்கவில்லை" என்று மேடையில் முழங்குவது ஜனங்களை ஏமாற்றுவதாகும். ரோடு போடாமல் போட்டதாக எழுதுவதும், வராத பிள்ளைக்குச் சோறு போட்டதாக எழுதுவதும் திருட்டு.

ஜனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கல்ல அந்தச் சபை. "பஞ்சாயத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு மானியம் வந்தது? எதற்குச் செலவாயிற்று? மீதி எங்கே?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க உரிமை உண்டு. கேட்கிற ஊரில் குழாயில் தண்ணீர் வரும். கேட்காத ஊரில் குழாய் மட்டும் நிற்கும்.

கொடுத்தவர் யார்?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பள்ளிக்கூடத் தட்டில் இருப்பது டெல்லிப் பணமா, சென்னைப் பணமா?

இரண்டும் அல்ல.

சோப்பு வாங்கிய தாய் கொடுத்த பணம் அது. லாரிக்கு டீசல் போட்ட டிரைவர் கொடுத்த பணம் அது. பத்திரம் பதிவு செய்த குடியானவர் கொடுத்த பணம் அது. பட்டணத்தில் வருமான வரி கட்டிய குமாஸ்தா கொடுத்த பணம் அது. டெல்லியும் சென்னையும் அதை வாங்கி வைத்திருக்கும் இரண்டு பெட்டிகள். பெட்டிக்குப் பெருமை வேண்டாம்.

மத்திய மானியம் தருமம் அல்ல, பங்கு. பங்கைக் கேட்கிறவன் கை நீட்டவேண்டியதில்லை. பங்கைக் கொடுக்கிறவன் மார் தட்டவேண்டியதும் இல்லை. வாங்கியவன் கணக்குச் சொல்லாமல் தப்பவும் கூடாது.

இதை இரண்டு சர்க்கார்களும் உணர்ந்தால், பகல் மணி அடிக்கும்போது எந்தக் குழந்தையின் தட்டும் காலியாக இராது.